பிறப்புறுப்பு ஹெர்பிஸ்: அறிகுறிகளை அடையாளம் காண்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“அந்த இடத்தில் ஒரு புண்” என்று யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாமல், ராத்திரி செல்போனில் படம் தேடிப் பார்த்துப் பயந்துபோகிறவர்கள் நிறையப் பேர். அந்தப் படங்களில் இருப்பவை பெரும்பாலும் மிகக் கடுமையான நிலைகள். பலருக்கு ஹெர்பிஸ் அதைவிடச் சின்னதாக, வேறு ஏதோ என்று நினைக்க வைக்கிற மாதிரிதான் வருகிறது. அதனால்தான் பல வருஷம் கூடவே இருந்தும் அடையாளம் தெரியாமல் போகிறது. இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு உங்களுக்கு நீங்களே நோயைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டாம். எதைக் கவனிப்பது, எப்போது டாக்டரிடம் போவது, போனால் என்ன கேட்பது என்பது தெரிந்தால் போதும்.

ஹெர்பிஸ் என்பது சரியாக என்ன?

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸால் வரும் தொற்று. சுருக்கமாக எச்.எஸ்.வி. இதில் 1, 2 என்று இரண்டு வகை. முதல் வகை பெரும்பாலும் உதட்டில் கொப்புளம் உண்டாக்குவது. குழந்தைப் பருவத்திலேயே முத்தம், எச்சில் வழியாகப் பலருக்கும் வந்துவிடும். இரண்டாம் வகை பெரும்பாலும் உடலுறவு வழியாக வந்து, இடுப்புக்குக் கீழே தங்குவது. ஆனால் முதல் வகையும் பிறப்புறுப்புக்கு வரும், வாய்வழி உறவின் மூலம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களில் 50 கோடிக்கு மேற்பட்டோருக்கு இரண்டாம் வகைத் தொற்று இருக்கிறது. எட்டு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது.

உடம்புக்குள் வந்தபின் வைரஸ் தோலில் தங்குவதில்லை. நரம்பு வழியாக ஏறி, முதுகெலும்பின் அடிப்பகுதியில் இருக்கும் நரம்பு முடிச்சுகளில் போய் ஒளிந்துகொள்கிறது. அவ்வப்போது அதே நரம்பு வழியாகத் தோலுக்கு இறங்கி வரும். திரும்பத் திரும்பக் கிட்டத்தட்ட அதே இடத்தில் வருவதற்கும், புண் வருவதற்கு முன் நரம்பு இழுக்கிற மாதிரி வலிப்பதற்கும் இதுதான் காரணம்.

தொற்றிய எத்தனை நாளில் தெரியும்?

அறிகுறி வருவதாக இருந்தால், பொதுவாக 2 முதல் 12 நாளுக்குள். சராசரியாக நான்கு நாள். ஆனால் அப்போது எதுவுமே தெரியாமல் இருந்துவிட்டு, மாதங்கள் அல்லது வருஷங்கள் கழித்து முதல் முறையாகப் புண் வருபவர்களும் உண்டு.

முதல் தடவை வரும்போது எப்படி இருக்கும்?

உடம்புக்கு அந்த வைரஸ் புதிது என்பதால், முதல் தடவை கொஞ்சம் கடுமையாகவே இருக்கலாம். காய்ச்சல், உடம்பு வலி, தலைவலி என்று சாதாரணக் காய்ச்சல் போலத் தொடங்கும். கூடவே அந்த இடத்தில் எரிச்சல் அல்லது ஊறல். தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கும், தொட்டால் வலிக்கும்.

அப்புறம் தோல் சிவந்து, அதன் மேல் கடுகளவில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பும். கூட்டமாக வருவது முக்கியமான அடையாளம். உள்ளே இருக்கும் நீர் முதலில் தெளிவாக இருந்து, ஓரிரு நாளில் கலங்கலாக மாறும். பிறகு உடைந்து, ஆழமில்லாத சிவந்த புண்ணாகும். பக்கத்துப் பக்கத்துப் புண்கள் ஒன்றுசேர்ந்து, ஓரம் வளைந்து வளைந்து ஒரே பெரிய புண்ணாகத் தெரியும். காய்ந்த தோலில் இருந்தால் பொருக்குத் தட்டி ஆறும். ஈரமான இடங்களில், அதாவது யோனியின் உட்புறம், முன்தோலுக்கு அடியில், பொருக்கே தட்டாமல் ஆறிவிடும். அந்த இடங்களில் கொப்புளம் சீக்கிரமே உடைந்துவிடுவதால், பலர் கொப்புளத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். நேராகப் புண்ணாகத்தான் பார்ப்பார்கள். “எனக்குக் கொப்புளமே வரவில்லை, அதனால் ஹெர்பிஸ் இல்லை” என்ற முடிவு இதனால்தான் தப்பாகிறது.

முதல் தடவையில் ஒரு கூட்டம் ஆறும்போதே இன்னொரு கூட்டம் கிளம்பலாம். மருந்து இல்லாமல் விட்டால் முழுவதும் ஆற இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும்.

சிறுநீர் போகும்போது உயிர் போகிறது. இது நீர்க்கடுப்பா, ஹெர்பிஸா?

பெண்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். சாதாரண நீர்க்கடுப்பில், அதாவது சிறுநீர்ப்பைத் தொற்றில், வலி உள்ளே இருக்கும். அடிவயிறு கனக்கும். அடிக்கடி போக வேண்டும் போலிருக்கும். போனால் கொஞ்சமாகத்தான் வரும். ஹெர்பிஸில், சிறுநீர் வெளியே வந்து புண்ணில் படுகிற நொடியில்தான் எரிச்சல் சுரீரென்று ஏறும். வெளியே எரிகிறதா, உள்ளே எரிகிறதா என்று கவனித்துச் சொன்னால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

சில சமயம் சிறுநீர்க்குழாயின் உள்ளேயே புண் வரும். அப்போது இந்த வித்தியாசம் எடுபடாது. நீர்க்கடுப்பு என்று ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் குறையவில்லை, சிறுநீர் கல்ச்சர் டெஸ்டில் கிருமி எதுவும் வளரவில்லை என்றால், “ஹெர்பிஸாக இருக்குமா?” என்று கேட்டுவிடுங்கள். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது.

இதற்கிடையே வலியைக் குறைக்க: வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிக்கொண்டே சிறுநீர் கழித்தால் எரிச்சல் நன்றாகக் குறையும். பயந்துகொண்டு தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். சிறுநீர் கெட்டியானால் எரிச்சல் கூடத்தான் செய்யும்.

எனக்கு ஒரு கீறல் மாதிரிதான் இருக்கிறது. இதுவும் ஹெர்பிஸாக இருக்க முடியுமா?

முடியும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ரத்தத்தில் இரண்டாம் வகை வைரஸுக்கான எதிர்ப்புப் பொருள் (வைரஸை எதிர்க்க உடம்பே உருவாக்குவது) இருந்தும், “எனக்கு ஒருநாளும் ஹெர்பிஸ் வந்ததில்லை” என்று சொன்ன 53 பேரை எடுத்துக்கொண்டார்கள். தொடர்ந்து கவனித்ததில் அவர்களில் 62 சதவீதம் பேர், ஹெர்பிஸுக்கே உரிய புண்கள் தங்களுக்கு வந்ததாகச் சொன்னார்கள். அறிகுறி இல்லாதவர்கள் என்று நாம் நினைக்கும் பலருக்கு அறிகுறி வந்துகொண்டுதான் இருக்கிறது, பெயர்தான் வேறு வைத்திருக்கிறார்கள்.

என்னென்ன பெயர் வைக்கிறோம்? உடம்புச் சூடு. ஷேவ் பண்ணினதில் வெட்டு. உள்ளாடை உராய்ந்தது. நாப்கின் அலர்ஜி. பூஞ்சை. மூலம். பூச்சிக்கடி. பெண்களுக்கு யோனியின் உதடு மடிப்பில் நூல் போல ஒரு வெடிப்பு வந்து, நாலு நாளில் ஆறிவிடும். ஆண்களுக்கு முன்தோலில் சின்ன வெடிப்போ, தண்டுப் பகுதியில் ஒரே ஒரு சிவந்த புள்ளியோ வந்து போகும். இரண்டு பேருக்கும் ஆசனவாய் ஓரத்தில் வெடிப்பு வரலாம். அது மூலமென்றோ மலச்சிக்கலால் வந்ததென்றோ தள்ளப்பட்டுவிடும்.

ஒவ்வொரு கீறலையும் ஹெர்பிஸ் என்று சந்தேகப்பட வேண்டியதில்லை. அதே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறது, தானாகவே ஒரு வாரம் பத்து நாளில் ஆறுகிறது, வருவதற்கு முன் ஊறல் அல்லது குறுகுறுப்பு இருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்தால் பரிசோதனை செய்யாமல் விடக்கூடாது. “உடம்புச் சூடு” என்று இளநீரும் எண்ணெய்க் குளியலுமாக இருந்தாலும் அது ஒரு வாரத்தில் ஆறியிருக்கும். ஆறியதற்கான பெருமை இளநீருக்குப் போய்விடுகிறது, நோய் மறைந்தே இருந்துவிடுகிறது.

எந்தெந்த இடங்களில் வரும்?

பெண்களுக்கு யோனியின் வெளி உதடுகள், உள் உதடுகள், யோனிக்குள், கருப்பை வாய். கருப்பை வாயில் மட்டும் வந்தால் வலியே இல்லாமலும் இருக்கலாம். வழக்கத்துக்கு மாறான வெள்ளைப்படுதல் மட்டும் இருக்கலாம். ஆண்களுக்கு மொட்டு, முன்தோல், தண்டு, சில சமயம் விரைப்பை. இருவருக்கும் ஆசனவாயைச் சுற்றி, பிட்டம், தொடை. ஆசனவாய் வழியாக உறவு கொள்ளாதவர்களுக்கும் அந்தப் பகுதியில் வரலாம். ஒரே நரம்பு முடிச்சிலிருந்து இந்த எல்லா இடங்களுக்கும் நரம்பு போகிறது, அவ்வளவுதான்.

எனக்குப் பின்பக்கம் அடிக்கடி அக்கி வருகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நல்ல கேள்வி. நம் ஊரில் கொப்புளம் கூட்டமாக வந்தாலே அக்கி என்று சொல்லி, காவி குழைத்து எழுதிவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. டாக்டர்கள் அக்கி என்று சொல்வது பெரும்பாலும் சின்னம்மை வைரஸ் பல வருஷம் கழித்துத் திரும்பி வருவதை. அது உடம்பின் ஒரே பக்கத்தில், பட்டையாக, நல்ல வலியுடன் வரும். பெரும்பாலானோருக்கு ஆயுளில் ஒரு தடவைதான் வரும்.

பிட்டத்திலோ தொடையிலோ, அதே இடத்தில், வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை “அக்கி” வருகிறது என்றால் அது பெரும்பாலும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸாக இருக்கும். பிறப்புறுப்பில் எதுவுமே இல்லாமல் பிட்டத்தில் மட்டும் வருவதும் சகஜம். அடுத்த முறை வரும்போது காவி எழுதாமல், பச்சையாக இருக்கும்போதே டாக்டரிடம் காட்டுங்கள்.

வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரியுமா?

பலருக்குத் தெரியும். ஓரிரு தடவை வந்தபின் உடம்பே கற்றுக்கொடுத்துவிடும். சில மணி நேரத்திலிருந்து இரண்டு நாள் முன்னதாக அந்த இடத்தில் ஊறல், எரிச்சல், மதமதப்பு. சிலருக்குப் பிட்டத்திலோ இடுப்பிலோ தொடங்கி, காலின் பின்பக்கமாகச் சுருக் சுருக்கென்று இறங்கும் வலி. இடுப்பு எலும்பு, டிஸ்க் என்று எக்ஸ்ரே எடுக்கப் போனவர்களும் இருக்கிறார்கள். சில தடவை இந்த முன்னறிகுறி மட்டும் வந்துவிட்டு, புண் வராமலே போகும்.

இந்த நேரத்தில் தோலில் எதுவும் தெரியாவிட்டாலும் வைரஸ் வெளியே வந்திருக்கலாம். ஆகவே குறுகுறுப்பு தொடங்கியதிலிருந்து, புண் முழுசாக ஆறித் தோல் பழையபடி ஆகும்வரை, உடலுறவு வேண்டாம்.

எத்தனை தடவை திரும்ப வரும்?

இரண்டாம் வகையென்றால் முதல் வருஷத்தில் சராசரியாக நாலைந்து தடவை. முதல் வகை பிறப்புறுப்பில் வந்திருந்தால் ஒரு தடவை, அல்லது வராமலே போகலாம். வருஷம் ஆக ஆகக் குறையும். திரும்ப வருவது முதல் தடவையைவிட லேசாக இருக்கும்: காய்ச்சல் இருக்காது, நாலைந்து கொப்புளம், ஒரு பக்கம் மட்டும், ஐந்து முதல் பத்து நாளில் ஆறிவிடும். மாதவிலக்கு, காய்ச்சல், தூக்கமின்மை, மன உளைச்சல், உராய்வு என்று ஆளுக்கு ஆள் தூண்டும் காரணம் மாறும்.

ஹெர்பிஸ் மாதிரியே இருக்கும், ஆனால் ஹெர்பிஸ் இல்லாதவை எவை?

முதலில் சிஃபிலிஸ், உடலுறவு வழியாகப் பரவும் ஒரு பாக்டீரியா நோய். இதைத் தவறவிட்டால் விளைவு மோசம், ஏனென்றால் இதை ஊசியால் முழுசாகக் குணப்படுத்த முடியும்; விட்டுவிட்டால் இதயம், மூளை வரை போகும். சிஃபிலிஸ் புண் பொதுவாக ஒன்றுதான் இருக்கும். வலிக்காது. ஓரம் அழுத்தமாக, தொட்டால் கெட்டியாக இருக்கும். அதுவும் தானாகவே ஆறிவிடும், ஆனால் நோய் உள்ளே தொடரும். வலிக்காத புண் என்பது நிம்மதியடைய வேண்டிய விஷயமில்லை. புண் எப்படி இருந்தாலும் சிஃபிலிஸுக்கான ரத்தப் பரிசோதனையும் எச்.ஐ.வி. பரிசோதனையும் கட்டாயம் செய்துகொள்ள வேண்டும்.

அடுத்தது, மாத்திரை அலர்ஜி. பலரும் யோசிக்காதது. சல்ஃபா மாத்திரை, வயிற்றுப்போக்குக்கான சில மாத்திரைகள், சில வலி மாத்திரைகள், டாக்ஸிசைக்ளின் போன்றவை சிலருக்கு உடம்பின் ஒரே இடத்தில், பெரும்பாலும் ஆண்குறியின் மொட்டில் அல்லது உதட்டில், சிவந்த வட்டமாகவோ கொப்புளமாகவோ புண்ணை உண்டாக்கும். மாத்திரை போட்ட சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் வரும். அதே மாத்திரையை மறுபடி போட்டால் அதே இடத்தில் மறுபடி வரும். ஆறியபின் கருப்பாகத் தடம் நிற்கும். ஹெர்பிஸ் பொதுவாக அப்படிக் கருந்தடம் விடுவதில்லை. டாக்டரிடம் போகும்போது கடந்த ஒரு வாரத்தில் போட்ட எல்லா மாத்திரைகளையும் சொல்வது இதற்காகத்தான்.

பூஞ்சைத் தொற்றில் அரிப்பு முன்னால் நிற்கும், பரவலாகச் சிவந்திருக்கும்; பெண்களுக்குத் தயிர்த் திப்பி போல வெள்ளைப்படும். ஆனால் சொறிந்து சொறிந்து வெடிப்பு வந்துவிட்டால் குழப்பம்தான். சிரங்கில் ராத்திரி அரிப்பு அதிகம், விரலிடுக்கிலும் இருக்கும், வீட்டில் மற்றவர்களுக்கும் இருக்கும். ஷேவ் பண்ணிய பின் வரும் பருக்களில் ஒவ்வொரு பருவுக்கும் நடுவில் ஒரு முடி இருக்கும், உள்ளே சீழ் இருக்கும்.

மொட்டின் விளிம்பைச் சுற்றி வரிசையாக இருக்கும் சின்ன முத்துகள், யோனி உதட்டு மடிப்பிலும் ஆண்குறித் தண்டிலும் தெரியும் மஞ்சள் வெள்ளைப் புள்ளிகள் ஆகியவை நோயே இல்லை. பலருக்குப் பிறவியிலிருந்தோ வயதுக்கு வந்ததிலிருந்தோ இருப்பவை. மாறாமல், வலிக்காமல், மாதக்கணக்கில் அப்படியே இருந்தால் அது ஹெர்பிஸ் இல்லை. ஹெர்பிஸ் ஒருநாளும் அப்படி அசையாமல் நிற்காது. கிளம்பும், உடையும், ஆறும், மறையும்.

கல்யாணமாகிப் பல வருஷம். இப்போது போய் ஹெர்பிஸ் என்கிறார்கள். துணை எனக்குத் துரோகம் செய்துவிட்டாரா?

இந்தக் கேள்வி நோயைவிட அதிகமாகக் குடும்பங்களை வாட்டுகிறது. அவசரப்பட்டு முடிவுக்கு வராதீர்கள்.

முதல் புண் என்பதும் முதல் தொற்று என்பதும் ஒன்றில்லை. கல்யாணத்துக்கு முன்பே ஒருவருக்கு வந்த வைரஸ், தெரியாமலே பல வருஷம் இருந்து, இப்போது முதல் தடவையாக வெளியே வந்திருக்கலாம். உங்களுக்கே முன்பு வந்து, கவனிக்காமல் போயிருக்கலாம். துணைக்கு இருந்து, அவருக்கும் தெரியாமலே இத்தனை வருஷம் கழித்து உங்களுக்குத் தொற்றியிருக்கலாம். முதல் வகையாக இருந்தால், சின்ன வயதிலிருந்து அவர் உதட்டில் வந்து போகும் கொப்புளமே வாய்வழி உறவில் காரணமாக இருக்கலாம்.

டெஸ்ட் ஏதாவது சொல்லுமா? ஓரளவு. புண்ணிலிருந்து எடுத்த மாதிரியில் வைரஸ் இருந்து, அதே நாளில் எடுத்த ரத்தத்தில் அந்த வகைக்கான எதிர்ப்புப் பொருள் இன்னும் உருவாகவில்லை என்றால், தொற்று புதிது. ரத்தத்தில் ஏற்கனவே நன்றாக இருந்தால், தொற்று பழையது. எவ்வளவு பழையது, யாரிடமிருந்து வந்தது என்பதை எந்த டெஸ்டாலும் சொல்ல முடியாது. இரண்டு பேரும் சேர்ந்து டாக்டரைப் பார்ப்பதுதான் என் கருத்து. ஒருவர் மட்டும் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவரை விசாரிப்பதில் எந்த உண்மையும் தெரியவராது.

என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்?

புண் இருக்கும்போது, புண்ணிலிருந்தே மாதிரி எடுத்துச் செய்யும் பிசிஆர் டெஸ்ட்தான் நம்பகமானது. வைரஸ் இருக்கிறதா, எந்த வகை என்று இரண்டையும் சொல்லும். கொப்புளம் வந்த முதல் இரண்டு நாளுக்குள் எடுத்தால் மிக நல்லது. ஆறத் தொடங்கிவிட்டால் வைரஸ் இருந்தும் இல்லை என்று ரிசல்ட் வரலாம். “இல்லை” என்று வந்ததாலேயே ஹெர்பிஸ் இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது. அடுத்த தடவை வரும்போது சீக்கிரமே எடுக்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனையில் கவனம் தேவை. ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் பொருளில் ஐஜிஎம், ஐஜிஜி என்று இரண்டைப் பார்ப்பார்கள். பல லேப்களில் “எச்.எஸ்.வி. 1 மற்றும் 2 ஐஜிஎம்” என்று ஒரே வரியில் ஒரு டெஸ்ட் செய்து கொடுக்கிறார்கள். அதில் பாசிட்டிவ் என்று பார்த்துவிட்டு உடைந்துபோகிறவர்கள் பலர். ஐஜிஎம் டெஸ்டை ஹெர்பிஸைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்த வேண்டாம் என்பதுதான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டுதல். அது வகையைப் பிரித்துச் சொல்லாது, புதுத் தொற்றா பழையதா என்றும் சொல்லாது, வேறு காரணங்களாலும் பாசிட்டிவ் காட்டும்.

ரத்தம் கொடுப்பதென்றால் வகை பிரித்துச் சொல்லும் ஐஜிஜி டெஸ்ட் வேண்டும். அதிலும் தொற்றிய பிறகு மூன்று மாதம் வரை பொறுத்தால்தான் முழு நம்பிக்கையுடன் பார்க்க முடியும். இரண்டாம் வகைக்கான அளவு 1.1-க்கும் 3-க்கும் இடையில் குறைவான பாசிட்டிவாக வந்தால் அது தவறான முடிவாகவும் இருக்கலாம். இன்னொரு முறையில் உறுதிப்படுத்தாமல் நம்பிவிடக் கூடாது. முதல் வகை ஐஜிஜி பாசிட்டிவ் என்பது இன்னும் குறைவாகத்தான் சொல்லும். மக்களில் பாதிக்கு மேல் அது பாசிட்டிவ்தான், பெரும்பாலும் சின்ன வயதில் வாயில் வந்தது.

அறிகுறியே இல்லாதவர்கள் சும்மா ஒரு சந்தேகத்துக்கு ஹெர்பிஸ் ரத்தப் பரிசோதனை எடுப்பதை நான் சொல்ல மாட்டேன். கிடைக்கிற தெளிவைவிடக் குழப்பம்தான் அதிகம்.

மெடிக்கல் ஷாப்பில் ஒரு கிரீம் கொடுத்தார்கள். போடலாமா?

வேண்டாம். அப்படிக் கொடுக்கும் கிரீம்களில் பல, ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து மூன்றையும் கலந்தவை. ஸ்டீராய்டு சிவப்பையும் எரிச்சலையும் அமுக்கும், கூடவே தோலின் எதிர்ப்புச் சக்தியையும் அமுக்கும். வைரஸ் பரவும், புண்ணின் உருவமே மாறும். அப்புறம் எந்த டாக்டராலும் பார்த்துச் சொல்ல முடியாது. டெட்டால் ஊற்றிக் கழுவுவதும், மஞ்சள், சுண்ணாம்பு பூசுவதும் அதே கதைதான். டாக்டரைப் பார்க்கும்வரை வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, தளர்வான பருத்தி உள்ளாடை போடுங்கள். புண்ணைத் தொட்டால் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், முக்கியமாகக் கண்ணைத் தொடுவதற்கு முன். முடிந்தால் புண் ஆறுவதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். டாக்டர் அப்பாயின்ட்மென்ட் நாளில் புண் மறைந்துவிட்டால் அந்தப் படம் கைகொடுக்கும்.

மருந்து இருக்கிறதா?

இருக்கிறது. வைரஸை உடம்பிலிருந்து முழுசாக வெளியேற்றும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் புண்ணைச் சீக்கிரம் ஆற்றவும், திரும்ப வருவதைத் தடுக்கவும் நல்ல மாத்திரைகள் உண்டு. அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர், ஃபாம்சைக்ளோவிர். இதில் அசைக்ளோவிர் 1980-களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அதை உருவாக்கியதில் பெரும் பங்காற்றிய கெர்ட்ரூட் எலியனுக்கு 1988-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. விலை குறைவு, பாதுகாப்பானது.

முதல் தடவைக்கு 7 முதல் 10 நாள் மாத்திரை. திரும்ப வரும்போது முன்னறிகுறி தெரிந்த அன்றே தொடங்கினால் பலன் அதிகம். அடிக்கடி வருபவர்களுக்கு தினசரி ஒன்றோ இரண்டோ மாத்திரை கொடுத்து வராமலே தடுக்கலாம். இரண்டாம் வகை உள்ளவர் தினமும் வாலாசைக்ளோவிர் எடுத்துக்கொண்டபோது, துணைக்குத் தொற்றுவது கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது என்று 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. மேலே தடவும் அசைக்ளோவிர் களிம்பால் பிறப்புறுப்பு ஹெர்பிஸில் பெரிய பயன் இல்லை. அளவையும் நாளையும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், குறிப்பாகச் சிறுநீரகக் கோளாறு இருந்தால்.

புண் இல்லாதபோதும் தொற்றுமா?

ஆம். அறிகுறி எதுவும் இல்லாத நாட்களிலும் சில நாள் வைரஸ் தோலுக்கு வந்து போகும். புதிதாகத் தொற்றுவதில் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது. ஆணுறை ஆபத்தைக் குறைக்கும். அது மூடாத தோலிலும் வைரஸ் இருக்கலாம் என்பதால் முழுசாகத் தடுக்காது.

டாய்லெட் சீட், துண்டு, நீச்சல் குளம்?

இவற்றால் வராது. தோலோடு தோல் படுவதால்தான் வருகிறது.

கர்ப்பமாக இருக்கிறேன். குழந்தைக்கு என்ன ஆகும்?

கர்ப்பத்துக்கு முன்பே உங்களுக்கு ஹெர்பிஸ் இருந்திருந்தால், குழந்தைக்குத் தொற்றும் ஆபத்து மிகக் குறைவு, ஒரு சதவீதத்துக்கும் கீழே. உங்கள் உடம்பில் உருவான எதிர்ப்புப் பொருள் குழந்தைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். ஆபத்து அதிகம் இருப்பது கடைசி மூன்று மாதங்களில் புதிதாகத் தொற்றும்போது. அப்போது பிரசவத்தில் குழந்தைக்குப் போகும் வாய்ப்பு 30 முதல் 50 சதவீதம் வரை இருக்கலாம். பிறந்த குழந்தைக்கு வரும் ஹெர்பிஸ் உயிருக்கே ஆபத்தானது.

அதனால் மகப்பேறு டாக்டரிடம் மறைக்காதீர்கள். உங்களுக்கு வந்திருந்தாலும் சொல்லுங்கள், கணவருக்கு வந்திருந்தாலும் சொல்லுங்கள். 36-ஆவது வாரத்திலிருந்து மாத்திரை கொடுப்பார்கள். வலி எடுக்கும் நேரத்தில் புண்ணோ முன்னறிகுறியோ இருந்தால் சிசேரியன் செய்வார்கள். கர்ப்பத்துக்கு முன்பே ஹெர்பிஸ் இருந்து, இவை எதுவும் இல்லாவிட்டால் சுகப்பிரசவத்துக்குத் தடையில்லை.

உதட்டில் கொப்புளம் இருக்கிற யாரும், பாட்டியாகவே இருந்தாலும், பச்சைக் குழந்தைக்கு முத்தம் கொடுக்கக் கூடாது. இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால். கடுமையான தலைவலியோடு கழுத்து விறைத்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் போனால். கண் சிவந்து வலித்தால். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் புண் பெரிதாகி ஆறாமல் இருந்தால். கர்ப்பிணிக்கு முதல் தடவையாகப் புண் வந்தால். பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்குக் கொப்புளம், காய்ச்சல், பால் குடிக்காமை, துவண்டு கிடப்பது என எது இருந்தாலும்.

யாரிடம் போவது? வெட்கமாக இருக்கிறதே.

தோல் டாக்டரிடம். அவர்கள் போர்டையே “தோல் மற்றும் பால்வினை நோய் நிபுணர்” என்றுதான் எழுதியிருப்பார்கள், இது அவர்கள் படித்த படிப்பின் பாதி. பெண்கள் மகப்பேறு டாக்டரிடமும் போகலாம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டத்தில் அங்கே மருந்துகள் நிறம் பிரித்த பொட்டலங்களாக இலவசமாகக் கிடைக்கும். ஹெர்பிஸுக்கானது சிவப்பு, உள்ளே அசைக்ளோவிர் இருக்கும். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அதே வளாகத்தில் நம்பிக்கை மையம் இருக்கும், அதுவும் இலவசம். போவதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 1097 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. இலங்கையிலும் அரசின் பால்வினை நோய் கிளினிக்குகள் இலவசமாகப் பார்க்கின்றன.

உள்ளே போனதும் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தயங்கினால், இவ்வளவு சொன்னால் போதும்: “பிறப்புறுப்பில் புண் இருக்கிறது. இத்தனை நாளாக. முன்பும் இதே இடத்தில் வந்திருக்கிறது, அல்லது இதுதான் முதல் தடவை. இந்த மாத்திரை, இந்தக் கிரீம் போட்டேன். ஹெர்பிஸுக்கு பிசிஆர், கூடவே சிஃபிலிஸ், எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கலாமா?” மீதியை அவர் கேட்பார். பார்க்காமல் மருந்து எழுதித் தந்தால், “ஒரு தடவை பார்த்துவிடுங்கள் டாக்டர்” என்று கேளுங்கள். புண் பச்சையாக இருக்கும் அந்த ஓரிரு நாள் போய்விட்டால், அடுத்த தடவை வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.